வலி மாத்திரையும் போதை ஊசியும்: காலனிப் பிள்ளைகளுக்கு வழக்கு மட்டும்தானா?

'போதை ஊசி: வாலிபர்கள் கைது' என்ற தலைப்பு வட மாவட்டச் செய்திகளில் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. கூடவே ஒரு படம் வரும். பின்னால் காவலர்கள் வரிசையாக நிற்பார்கள். முன்னால் தரையில் நான்கைந்து பையன்கள் குந்தியிருப்பார்கள். மேசைமேல் மாத்திரை அட்டைகள், சிரிஞ்சுகள், இரண்டு செல்போன்கள். கீழே பெயர், வயது, தெரு. தெருப் பெயரில் 'காலனி' என்றோ 'அம்பேத்கர் நகர்' என்றோ இருந்துவிட்டால் மிச்சத்தை ஊருக்குச் சொல்லவே வேண்டாம்.

நாங்கள் கலசப்பாக்கம், போளூர், ஆரணி பக்கம் களப்பணி செய்கிறவர்கள். அந்தப் படம் எடுத்து முடிந்த பிறகு பையன்களுக்கு என்ன ஆகிறது, படம் எடுப்பதற்கு முன்பே அவர்கள் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறோம். சாராயம், டாஸ்மாக், கஞ்சா பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. ஊசியைப் பற்றிப் பேச நமக்கு இன்னும் வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

போதை ஊசி என்றதும் சினிமாவில் வரும் வெள்ளைப் பவுடர் ஞாபகம் வரும். நம் பக்கம் ஊசியில் ஏறுவது பெரும்பாலும் பவுடர் இல்லை, மாத்திரை. டேபென்டடால் என்கிற கடுமையான வலி நிவாரணி. சில நேரம் அதோடு நைட்ரஸெபாம் மாதிரி தூக்க மாத்திரை. இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. இதற்கு முன் இதே இடத்தில் டிரமடால் இருந்தது. 2018 ஏப்ரலில் டிரமடாலை என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் ஒன்றிய அரசு சேர்த்தது. சந்தை அடுத்த மாத்திரைக்கு நகர்ந்தது. டேபென்டடாலையும் காரிசோப்ரடாலையும் சேர்த்துச் செய்த மாத்திரைகளை மும்பை நிறுவனம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து அங்கே இளைஞர்களைச் சீரழிக்கிறது என்று 2025 பிப்ரவரியில் பி.பி.சி. அம்பலப்படுத்தியது. அதன் பிறகுதான் அந்தக் கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. தயாரிக்கிற முதலாளி ஒருவனாவது நம் ஊர்ப் படங்களில் வருவதுபோலத் தரையில் குந்தவைக்கப்பட்டு யாராவது பார்த்ததுண்டா?

இது வலி மாத்திரை என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும் தோழர்களே. எங்களுக்குத் தெரிந்த பையன்களில் பாதிப் பேருக்காவது இது விளையாட்டாகத் தொடங்கவில்லை. லோடு ஏற்றுகிற தோள், சென்ட்ரிங் வேலையில் வளைந்த முதுகு, கம்பெனி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற கால். ஆரணிப் பட்டு என்று ஊர் உலகத்துக்குப் பெயர். தறிக்குழியில் கால் வீங்க உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளே இப்போது தறியை விட்டுவிட்டு செய்யாறு சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். தறி வேலையும் கிடைக்காத காலனியில் கேட்கவே வேண்டாம், உடம்புதான் மூலதனம். "அண்ணா, ஒண்ணு போட்டா வலி தெரியாது, நைட்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துடலாம்" என்று ஒரு தம்பி சொன்னான். வேலையிடத்தில் யாரோ கொடுத்தது. மூன்று மாதத்தில் ஒன்று போதவில்லை. விழுங்கினால் ஏறுவதற்கு நேரம் ஆகிறது, ஊசியில் போட்டால் உடனே என்று இன்னொருவன் சொல்லிக்கொடுத்தான். கஞ்சா மாதிரி வாடை இல்லை, சாராயம் மாதிரி தள்ளாட்டம் இல்லை. அம்மாவுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

விழுங்கச் செய்த மாத்திரையை ரத்தக்குழாய்க்குள் விட்டால் என்ன ஆகும்? கூட்டங்களில் நாங்கள் அதிகம் விளக்க வேண்டியிருப்பது இதைத்தான். மாத்திரை முழுவதும் மருந்து இல்லை. அதைக் கெட்டியாக்க ஸ்டார்ச், டால்க், செல்லுலோஸ் போன்ற பொருட்களைச் சேர்க்கிறார்கள். வயிற்றுக்குப் போனால் இவை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் இவை முழுசாகக் கரைவதில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் துகள் இருக்கும். பஞ்சு வைத்தாலும் துணி வைத்தாலும் எல்லாம் நிற்காது. ரத்தத்தோடு ஓடும் துகள் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய்த் தங்கி, நாளாக நாளாக அந்த இடம் தழும்பாகி மூச்சு வாங்கவைக்கும். கவனம் தப்பித் தமனியில் ஏறிவிட்டால் அந்தக் கைக்கு ரத்தம் போகிற வழியே அடைபடும். விரல் கறுத்துப்போய் வெட்டி எடுக்க வேண்டிய நிலைமை வரும். திரும்பத் திரும்பக் குத்திய குழாய் கயிறு மாதிரி இறுகிப் பயனற்றுப் போகும். உடனே அடுத்த இடம் தேடுவார்கள்: கால், தொடை இடுக்கு, கழுத்து. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆபத்தான இடம்.

தோலில் இருக்கிற கிருமி ஊசியோடு உள்ளே போனால் சீழ்க்கட்டி. அது ரத்தத்தில் கலந்து இதய வால்வில் உட்கார்ந்துகொண்டால் விடாத காய்ச்சல், இளைப்பு. இருபது வயதுப் பையனுக்கு இதய வால்வில் தொற்று என்றால், கையைப் பார்க்காத டாக்டருக்கு அது சட்டென்று தோன்றாது. பையனும் சொல்ல மாட்டான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் அலைகிற பிள்ளையை வீட்டில் யாராவது பார்த்தால், திட்டுவதற்கு முன்னால் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது பகிர்தல். ஒரே சிரிஞ்சை மூன்று பேர் போடுவது நட்பினால் மட்டும் நடப்பதில்லை. சிரிஞ்சு கையில் இருந்தாலே போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் இளைஞன் போய்க் கேட்டால் சந்தேகமாகப் பார்த்து இல்லை என்று சொல்கிறார்கள். ஊசி முனையைத் துடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ரத்தம் முனையில் மட்டுமா இருக்கிறது? சிரிஞ்சின் உள்ளே தங்குகிறது. அதற்குள் எச்.ஐ.வி. வாரக்கணக்கில் உயிரோடு இருக்க முடியும் என்றும் ஹெபடைடிஸ் சி இரண்டு மாதம் வரைகூடத் தாங்கும் என்றும் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆளுக்கொரு ஊசி வைத்திருந்தாலும், கலக்கிய ஒரே மூடியிலிருந்தும் ஒரே தண்ணீரிலிருந்தும் எடுத்தால் ஹெபடைடிஸ் சி பரவும். இந்தக் கடைசிச் செய்தி எங்கள் பக்கம் அனேகமாக யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் தொலைதூரத்து விஷயம் இல்லை. சென்னையில் 1990-களில் பிரவுன் சுகரிலிருந்து பலர் புப்ரெனார்பின் ஊசிக்கு மாறினார்கள். 2005-06 வாக்கில் சென்னையில் ஊசி போடுகிற 1,158 பேரைச் சேர்த்து ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவன ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சேர்ந்தபோதே நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் 85 பேர் செத்துப்போனார்கள். அதிகம் கொன்றது எய்ட்ஸ் என்றுதான் நாம் நினைப்போம். முதலிடத்தில் இருந்தது ஓவர்டோஸ்.

ஓவர்டோஸ் என்பது பேராசையால் வருவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த மாத்திரைகளும் தூக்க மாத்திரையும் சாராயமும் தனித்தனியாகவே மூச்சை மந்தப்படுத்தும், சேர்ந்தால் நிறுத்திவிடும். ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாள் எது தெரியுமா? ஜெயிலில் இருந்தோ மறுவாழ்வு மையத்தில் இருந்தோ வெளியே வந்த முதல் வாரம். உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். கூப்பிட்டால் எழவில்லை, உதடு நீலம், மூச்சு விட்டு விட்டு வருகிறது, குறட்டை மாதிரி சத்தம் என்றால் தூங்குகிறான் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். 108-க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்துக் காற்றூதுங்கள். என்ன எடுத்தான் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காதீர்கள். நாலோக்சோன் என்ற மாற்று மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் ஆள் பிழைத்துவிடுவான். போலீஸ் வருமோ என்று பயந்து நண்பனைக் கிணற்றடியில் விட்டுவிட்டு ஓடியவர்களை எங்களுக்குத் தெரியும். அவர்களைக் கெட்டவர்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டால் போலீஸ் வேலைத் தேர்வு எழுதுகிற காலனிப் பையனின் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. விடுதலையானாலும் சரிபார்ப்பில் நிற்கும். ஊர்த்தெருப் பையனுக்கு ஸ்டேஷனில் பேச ஒரு மாமா இருப்பார், விஷயம் வெளியே வராது. போதையில் சாதி இல்லை என்று சமூகவியல் வகுப்பில் சொல்லலாம். கேஸில் இருக்கிறது.

சட்டமே அப்படியா என்றால், இல்லை. என்.டி.பி.எஸ். சட்டம், 1985-ன் 64ஏ பிரிவு என்ன சொல்கிறது? சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ உட்கொண்ட குற்றமோ சாட்டப்பட்ட ஒருவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தப்படக் கூடாது. இந்தப் பிரிவை எத்தனை வழக்கறிஞர்கள் நம் பிள்ளைகளுக்காக எழுப்புகிறார்கள்? சட்டக் கல்லூரி மாணவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் முதல் வேலை இதுவாக இருக்கலாம். இன்னொன்று, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம், 2017. எச்.ஐ.வி. பரவுவதைக் குறைக்க, ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்படி செய்யும் நடவடிக்கைகள் குற்றம் ஆகாது என்கிறது அதன் 22-வது பிரிவு. சுத்தமான ஊசி கொடுப்பதும் மாற்று மருந்து சிகிச்சையும் அதற்குள் வருகின்றன. அதாவது ஒரு கையால் ஊசியைப் பறிமுதல் செய்கிற அரசு, இன்னொரு கையால் ஊசி கொடுப்பதற்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது.

கொடுக்கவும் செய்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தருகிறார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையைத் தினமும் மையத்திலேயே வைத்துக் கொடுக்கிறார்கள். எந்த மருந்தைச் சென்னை ஒருகாலத்தில் ஊசியில் ஏற்றியதோ அதே மருந்துதான். முறைப்படி கொடுத்தால் நடுக்கம், எலும்புக் குடைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் அடங்கி மனிதன் வேலைக்குப் போக முடிகிறது. சிக்கல் என்னவென்றால் இவை பெரிய நகரங்களுக்கும், ஊசி போடுகிறவர்கள் கூட்டமாகக் கணக்கில் வந்த இடங்களுக்கும்தான். தாலுகா ஊர்களில் ஆள் எண்ணிக்கை போதாது என்பார்கள். பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒளிந்திருப்பவனை யார் எண்ணியது?

2019-ல் ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. பொதுமக்களிடையே எச்.ஐ.வி. 0.2 சதவீதம் அளவில் இருக்கும்போது, ஊசி போடுகிறவர்களிடையே 2021 கண்காணிப்பில் 9 சதவீதம். நாற்பது மடங்குக்கும் மேல். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். இந்த நெருப்பு எந்தக் கூரையில் முதலில் பிடிக்கும் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது பார்த்தோமே.

அடைத்துவைத்தால் நோய் அடங்கும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தை எடுத்து, நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது அப்படித்தான். அரசு பிறகு என்ன செய்தது? தொற்று இருந்த பெண்களைக் காப்பகத்தில் பூட்டி வைத்தது. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போய், 1990-ல் தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. பூட்டியிருந்த அத்தனை நாளும் வெளியே தொற்று பரவிக்கொண்டுதான் இருந்தது.

ஊசிக்கும் இதே பாடம் உண்டு. 1980-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் போலீஸ் சிரிஞ்சுகளைப் பறித்தது, மருந்துக் கடைகள் விற்க மறுத்தன. ஊசி போடுகிறவர்கள் ஒன்றையே பலர் பகிர்ந்தார்கள். 1986-ல் அங்கே ஒரு டாக்டர் தன்னிடம் வந்தவர்களைச் சோதித்தபோது பாதிப் பேருக்குத் தொற்று. ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த கிளாஸ்கோவில் அது மிகக் குறைவு. அதன்பிறகு எடின்பரோ ஊசி கொடுக்க ஆரம்பித்தது. நம் நாட்டிலேயே மணிப்பூர், 1990 வாக்கில் கண்மூடித் திறப்பதற்குள் இதே கதிக்கு வந்து, 1996-லேயே சுத்தமான ஊசியைத் தன் எய்ட்ஸ் கொள்கையில் சேர்த்தது.

"ஊசி கொடுத்தால் போதையை ஊக்குவிப்பது ஆகாதா?" எங்கள் கூட்டங்களில் இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் நம் இயக்கத் தோழர்கள், அதுவும் நல்ல மனசோடு. நம் தாத்தா காலத்திலிருந்து குடிக்கு எதிராகப் போராடி வந்தவர்கள் நாம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஊசி மையத்துக்கு வருகிறவன் அங்கேதான் முதல் தடவையாக ஒரு நர்ஸிடம் பேசுகிறான். அங்கேதான் பரிசோதனை, அங்கேதான் சிகிச்சைக்கு வழி. சுத்தமான ஊசி கிடைக்காததால் போதையை விட்டவன் என்று ஒருவனைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. நோய் வாங்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறோம். 'கட்டுப்பாடான சமூகம்' என்று ஊருக்கு நிரூபிப்பதற்காக நாமே நம் பிள்ளையைத் தெருவைவிட்டு ஒதுக்கினால், ஊர் நமக்குச் செய்ததை நாம் அவனுக்குச் செய்கிறோம்.

மருத்துவமனையில் அது தினமும் நடக்கிறது. முன்கையில் எலுமிச்சம்பழம் அளவு சீழ்க்கட்டியோடு ஒரு தம்பியை நாங்கள் அழைத்துப்போனோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். 'எந்தத் தெரு' என்று முதலில் கேட்டார்கள், பிறகுதான் 'என்ன வலி'. கட்டியை அறுக்க மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். வலிக்கு மருந்து கேட்டதற்கு, "உனக்கு எதுக்குப்பா, நீயே வெச்சிருப்பியே" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த தடவை கட்டி வந்தபோது அவன் வரவில்லை. பிளேடால் தானே கீறிக்கொண்டான். தனியார் மறுவாழ்வு மையங்களின் கதை இன்னொரு கட்டுரைக்கு ஆகும். நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கிற அம்மாக்களுக்கு ஒன்றுதான் சொல்வோம்: மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அடிப்பது சிகிச்சை இல்லை.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முட்புதரில், குளக்கரையில், சாக்கடையில் வீசப்படுகிற ஊசியை வெறும் கையால் அள்ளுகிறவர்கள் யார்? நம் தூய்மைப் பணியாளர் அக்காக்கள், அண்ணன்கள். ஊசி குத்தினால் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுத்த குப்பைக்குப் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க முடியும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியே இருக்கிறது. அதை அவர்களுக்குப் போட்டிருக்கிறார்களா என்று உங்கள் ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது தருகிற மையம் இருந்தால் புதரில் ஊசியே குறையும்.

ஏற்கெனவே ஊசி போட்டவர்களுக்கு: அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம். இருந்தால் ஏ.ஆர்.டி. மருந்தும் இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் முழு ஆயுசு வாழலாம். ஹெபடைடிஸ் சி இருந்தால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதுவும் இலவசம். சோதிக்காமல் கல்லீரல் சுருங்கிய பிறகு வருவதில்தான் சாவு. எய்ட்ஸ் உதவி எண் 1097, போதை மீட்பு உதவி எண் 14446. கூச்சமாக இருந்தால் எங்களில் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போகலாம். நாங்கள் எதையும் கேட்க மாட்டோம்.

அடுத்த கிராம சபைக்கு எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் ஒரு தீர்மானம் கொண்டுபோகிறோம். மாவட்டத்தில் ஊசி மாற்று மையமும் மாற்று மருந்து சிகிச்சையும் வேண்டும், தாலுகா மருத்துவமனையில் நாலோக்சோன் எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டும், தூய்மைப் பணியாளர்களுக்குத் தடிமனான கையுறையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் வேண்டும், கைதாகிறவர்களின் படத்தையும் தெருப் பெயரையும் வெளியிடக் கூடாது. வாசகத்தின் முதல் வரைவில் ஒரு தோழர் 'போதை ஆசாமிகள்' என்று எழுதியிருந்தார். அரை மணி நேரம் விவாதம். கடைசியில் 'நம் ஊர் இளைஞர்கள்' என்று மாற்றிவிட்டு, ஒவ்வொரு தெருவாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பியிருக்கிறோம். காலனியில் முடித்துவிட்டோம், ஊர்த்தெருவில் இதுவரை பதினோரு பேர் போட்டிருக்கிறார்கள்.